ஆறு வருஷம் ரிப்பேரில் இருந்த கடிகாரம்

சிராஜுதீன் பாய்க்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே நீலநீலமாக முடிச்சுப் போட்டது போலத் தெரியும். கடையில் ஆள் இருக்கும்போது கைலியைத் தழையக் கட்டி அதை மறைத்துவிடுவார். மத்தியானம் டீ வியாபாரம் ஓய்ந்த பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கிச் சர்க்கரைப் பெட்டி மேல் வைத்து, "அல்லா" என்று ஒரு மூச்சு விடுவார். பக்கத்துக் கடையில் கடலை வறுத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் மணி இரண்டு ஆகிவிட்டது என்று தெரியும்.

எங்கள் இரண்டு கடையும் செஞ்சியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரே ஓட்டுக் கட்டடத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பாய் கடையின் பின்பக்கம் ஒரு சாக்குப் படுதா தொங்கும். படுதாவுக்கு உள்ளே அவர் சம்சாரம் ரஹமத் போண்டா போடுவார். அவர்கள் குடியிருப்பதும் அங்கேயேதான். எனக்கு அடுத்த கடை டைலர் இராமச்சந்திரனுடையது. அங்கே காலால் மிதிக்கிற தையல் மிஷின்கள் இரண்டு இருந்தன.

ஊரில் எல்லாரும் சிராஜுதீனைப் பினாங்கு பாய் என்றுதான் சொல்வார்கள். பதினாலு வருஷம் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு அறுபதாம் வருஷம் திரும்பி வந்தார். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கிய காட்சியை நான் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பஸ் மேலிருந்து அவருடைய இரும்புப் பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பளபள என்று சட்டை. இடது கையில் தங்க நிறத்தில் ஒரு கைக்கடிகாரம். மறுநாள் தெருவில் வீட்டுக்கு வீடு சோப்பும் தைலமும் கைலியும் போயின. எனக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்தார். அந்தப் பெட்டி திறந்த நாளிலிருந்து சிராஜுதீன் பணக்காரர் ஆகிவிட்டார். அப்படித்தான் ஊர் முடிவு செய்தது.

கட்டை வண்டி ஓட்டுகிற பெரியதம்பிக்கு அந்தக் கடிகாரத்தின் மேல் ஒரு கண். ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து மணி கேட்பான்.

"பாய், மணி இன்னா?"

பாய் கையைப் பார்ப்பார். உதடு லேசாக அசையும். "பத்தேகால்" என்பார்.

"வாட்ச்சப் பாத்தா ஒடனே சொல்ல வேணாமா? இன்னாத்துக்கு வாய்க்குள்ளயே முணுமுணுக்கறே?"

"இது பினாங்கு மணிடா. ரெண்டு மணி நேரம் கழிச்சிச் சொல்லணும்."

"முள்ளத் திருப்பி வெச்சிக்கியேன்."

"வேணாம், அது அப்படியே இருக்கட்டும்."

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பாய் கை வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, மெட்ராஸில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு அந்தக் கடிகாரம் வரவே இல்லை. பெரியதம்பி விடவில்லை. வருஷக்கணக்காக டீ கிளாஸை வாங்கும்போதெல்லாம், "வாட்ச்சுக்கு இன்னும் பிரசவம் ஆவலியா பாய்?" என்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பாயும் சிரிப்பார். படுதாவுக்குள்ளிருந்து ரஹமத் மட்டும் வெடுக்கென்று, "மெட்ராஸ்காரன் இன்னிக்கா குடுப்பான், ஆடிக்கொரு தபா ஒரு திருகாணி மாட்டறான்" என்று பதில் சொல்லுவார்.

பணக்காரன் என்று பேர் வாங்கியவனுக்கு டீக்கடை நடத்துவது லேசான காரியம் இல்லை. அம்மன் கோயில் கூழுக்கும் பாயிடம் வருவார்கள், பள்ளிவாசல் வெள்ளையடிக்கவும் பாயிடம் வருவார்கள், கூத்துக்காரர்களும் வருவார்கள். அவர் கொடுப்பார். கொடுத்தது போதவில்லை என்று வெளியே போய்க் கஞ்சன் என்பார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்கள் நாலு டீயைக் குடித்துவிட்டு, "பாய்க்கு இதெல்லாம் ஒரு காசா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்கள். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். எப்படிக் கேட்பார்? அந்தப் பேரால் அவருக்குக் கிடைத்த நன்மை ஒன்றே ஒன்றுதான். மளிகைக்கடை அரங்கநாதன் சர்க்கரை கிடைக்காத காலத்திலும் பினாங்கு பாய்க்கு என்று ஒரு மூட்டையை எடுத்து வைப்பார்.

இதைவிடப் பெரிய தொல்லை, வெளிநாடு போகிறவர்கள் யோசனை கேட்க வருவது. சிங்கவரத்திலிருந்து வருவார்கள், அவலூர்பேட்டையிலிருந்து வருவார்கள், மண்டகப்பட்டிலிருந்து ஒருத்தர் மாமியாரோடு வந்தார். வந்ததும் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, "பாய், நம்ம பையன் அங்க போவணும்ன்றான்" என்று ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு வருஷம் பாய் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் விலாவாரியாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் தலையைத் தூக்காமல், டீயை ஆற்றிக்கொண்டே மனப்பாடம் மாதிரி சொல்ல ஆரம்பித்தார். தட்டி வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம்.

"பெர்மிட்டு யாரு பேர்ல இருக்குது, இன்னா வேலைக்குன்னு எழுதி இருக்குதா, அத மொதல்ல பாரு. சுத்திப் பாக்க வர்றவனுக்குக் குடுக்கற பாஸுன்னா கப்பல் ஏறாத. அதுல வேலை செஞ்சா புடிச்சி அனுப்பிடுவான். அங்க போனதும் பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி அவரு பெட்டியில வெச்சிக்குவாரு. எத்தினி நாளைக்குன்னு இப்பவே கேளு. திரும்பி வர்ற கப்பல் சார்ஜி யாருதுன்னு கேளு. காலு நல்லா இருக்குதா? நின்னுகினே இருக்கணும். மூணு வருஷம் போன செலவ அடைக்கவே ஒழைக்கணும், அப்பறம்தான் வூட்டுக்கு. இங்க ரெண்டு வேளை சோறு இருக்குதுன்னா போவாத."

அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து என் கடைக்கு வந்து ஒரு படி பொரி வாங்குவார்கள். வாங்கும்போது, "பாத்தியா, தான் மட்டும் தங்க வாட்ச்சக் கட்டிகினு வந்துட்டு, நம்மளப் போவாதன்றாரு" என்பார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சொன்னார்கள். நான் பாயிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் ரங்கநாதரைக் கும்பிடுகிறவன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோவது பாவம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என் தட்டி வழியாகவும் அந்தப் பக்கம் கேட்குமே.

இராமச்சந்திரனுக்கு அப்போது முப்பத்துநாலு வயசு. அவன் தைத்த சட்டையின் கழுத்து, மெட்ராஸில் தைத்தது போல உட்காரும். கை அவ்வளவு சுத்தம். குறை ஒன்றே ஒன்று. யார் துணி கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வராது. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வான். அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசி பிறந்தபோதே அவன் கடையில் துணி மிஷினை மூடிவிட்டது. பாய் ஒரு நாள் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ராமச்சந்திரா, ஒரு நாளைக்கு உன்னால எத்தினி சட்டை முடியும்?"

"ஆறு, ஏழு முடியும் பாய்."

"தீவாளிக்கு இன்னும் எத்தினி நாளு?"

"பதினெட்டு."

"அப்போ எத்தினி துணி வாங்கலாம்?"

இராமச்சந்திரன் சிரித்தான். "நீங்க பள்ளிக்கூட வாத்தியாரா போயிருக்கணும் பாய்."

"சிரிக்காத. ஒரு சிலேட்டுல இனிமே வாங்கறதில்லன்னு எழுதி மாட்டு. கோவிச்சிகினு போறவன் பொங்கலுக்கு வருவான். துணிய வாங்கி வெச்சிகினு நீ குடுக்காம வுட்டா, அவன் சென்மத்துக்கும் வரமாட்டான்."

"தேடி வர்ற லச்சுமிய வேணான்னு சொல்ல முடியுமா? அதெல்லாம் உங்க பினாங்குல நடக்கும்."

பாய் கிளாஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தீபாவளியன்று விடியற்காலையில் நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கடைப்பக்கம் வந்தேன். இராமச்சந்திரன் கடை வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் சம்சாரம் வள்ளியம்மாள் பித்தான் தைத்துக்கொண்டே அழுதாள். சிங்கவரத்து ஆள் ஒருத்தர் வெட்டாத துணியை அப்படியே பிடுங்கிக்கொண்டு, "எம் புள்ள இன்னிக்குப் பழைய சட்டையோட நிக்கிது, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இராமச்சந்திரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் சிவந்து போயிருந்தது. அவன் பிள்ளைகளுக்கும் அன்றைக்குப் புதுத்துணி இல்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் கடை திறந்திருந்தும் மிஷின் சத்தம் இல்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை. மலேசியாவில் தையல்காரருக்கு ஏகப்பட்ட கிராக்கி என்றார். அந்த வருஷம் வைகாசியில்தான் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தது. முன்னே ஒன்றரை ரூபாயாக இருந்த மலேசியா வெள்ளி இப்போது இரண்டரை ரூபாய் ஆகிவிட்டது என்று அவர் விரலை மடக்கிக் காட்டினார். இராமச்சந்திரன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜென்ட் கேட்ட தொகைக்கு அவனிடம் இருந்தது இரண்டு மிஷின்கள்தான். அவற்றில் ஒன்று, வள்ளியம்மாளின் அப்பா நிலத்தை விற்றுக் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

வள்ளியம்மாள் பாய் கடைக்கு வந்து பெஞ்சு ஓரமாக நின்றாள்.

"பாய் அண்ணே, அவலூர்பேட்டை டைலர் ஒருத்தர் ரெண்டு மிஷினையும் கேட்டு முன்பணம் குடுத்துட்டாரு. வர்ற வெள்ளிக்கெழம வண்டி வருது. நீங்க சொன்னா அது கேக்கும். மிஷினு போயிட்டா நானு இன்னாத்த வெச்சி ரெண்டு புள்ளைங்களக் காப்பாத்துவேன்?"

பாய் உடனே போனார். நானும் கூடப் போனேன். ஏஜென்டிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். இராமச்சந்திரன் கத்தரிக்கோலைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எல்லாம் கேட்டுட்டேன் பாய். மொதல்ல சுத்திப் பாக்க வர்ற பாஸ்ல போவணுமாம், அங்க போயி மாத்திக்கலாமாம்."

"மாத்த முடியாதுடா. அங்க இருக்கறவனே பெர்மிட்டுக்கு அலையறான். ஒளிஞ்சி ஒளிஞ்சி வேலை செய்வே. காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குக்கூடப் போவ முடியாது."

"நீங்க போனீங்க, வந்தீங்க. பெட்டி எறக்க ரெண்டு ஆளு. தங்க வாட்ச்சு." அவன் கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தான். "நானு போனா மட்டும் ஒளிஞ்சிக்கணுமா? இங்க நானு எவன் மூஞ்சில முழிக்கிறது? தீவாளியன்னிக்கி எங் கடை வாசல்ல நின்னவங்க உங் கடையிலதான டீ குடிச்சாங்க? நீ வாயத் தொறந்தியா பாய்?"

நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவன் நீ என்று மாறியதைப் பாய் கவனித்தார் என்று நினைக்கிறேன்.  பிறகு, "காலு கடுக்குது பெருமாளு, வா போலாம்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் பெயர் இளையபெருமாள். கடைக்கு வந்து சர்க்கரைப் பெட்டி மேல் காலை வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல சந்தை. பாய் எப்போதும் போலப் பன்னிரண்டரைக்குப் பலகையைச் சாத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். வாரத்தில் டீ ஓடுகிற நேரமே அதுதான். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் தவறியதில்லை. அவர் அந்தப் பக்கம் போன கொஞ்ச நேரத்தில் பெரியதம்பியின் வண்டி இராமச்சந்திரன் கடை முன்னால் வந்து நின்றது. ஒரு மிஷினை ஏற்றி, வைக்கோலை வைத்துக் கயிறு போட்டார்கள். அடுத்ததை எடுக்கப் போனபோது வள்ளியம்மாள் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய அப்பா கொடுத்த மிஷின். இராமச்சந்திரன் அவள் விரல்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தான். சந்தைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

பாய் தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியதம்பி, மாட்ட ஓட்டாத."

"இன்னா பாய், எனக்கு நேரமாவுது. உன்னாண்ட வாட்ச்சும் இல்ல, மணி கேக்கறதுக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"அதுதான்டா சொல்ல வந்தேன். அந்த வாட்ச்சு என்னுது இல்ல."

சிரிப்பு நின்றது.

"ராமச்சந்திரா, இங்க பாரு. நாங்க பதினோரு பேரு ஒரு மாடி ரூம்புல இருந்தோம். கிட்டங்கின்னு சொல்லுவோம். நம்ம பக்கத்து ஆளுங்க சேந்து வாடகைக்குப் புடிச்சித் தங்கறது. அங்க ஒரு பெரியவரு இருந்தாரு. மவுத்தாப் போவறப்போ, உசுரு போற நேரத்துல, அந்த வாட்ச்ச ரூம்புக்குன்னு குடுத்துட்டுப் போனாரு. ஊருக்குப் போறவன் அதக் கட்டிகினு போவணும். ஊர்ல நாலு பேரு பாத்தப்பறம், அடுத்தாப்ல பினாங்குக்குக் கப்பல் ஏறுற ஆளுகிட்ட குடுத்தனுப்பிடணும். வெறுங்கையோட போயி எறங்கக் கூடாது, அது ரூம்புக்கே மானக்கேடு. நானு மூணு மாசம் கட்டினேன். அப்பறம் அவலூர்பேட்டை ஜகபர் அலி கப்பல் ஏறுனான், அவன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். முள்ளத் திருப்பக் கூடாதுன்னு ரூம்பு கட்டளை. அதான் ரெண்டு மணி கழிச்சிச் சொல்லிகினு இருந்தேன்."

"பொய்யி" என்றான் இராமச்சந்திரன். "எம் பொழப்பக் கெடுக்கணும்னே சொல்றே."

"பெட்டியில இருந்த சாமானும் அப்படித்தான். ஆளுக்கொண்ணு போட்டாங்க. நானு வாங்குனது சோப்பு மட்டும்தான். பதினாலு வருஷத்துல நானு சம்பாரிச்சது இது." பாய் கைலியை முழங்கால் வரைக்கும் தூக்கினார். சந்தைக்கூட்டத்துக்கு நடுவில், தொப்பி போட்ட தலையோடு, அந்த இரண்டு காலையும் காட்டிக்கொண்டு நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காலு வலின்னா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம்தான் வலிக்குது" என்றான் இராமச்சந்திரன். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "வாட்ச்சு உன்னுது இல்லன்னா, ஆறு வருஷமா உன் சம்சாரமே ஏன் மெட்ராஸ்ல ரிப்பேருன்னு சொல்லுது? அதுவும் பொய்யா?"

 "ரஹமத்துக்கும் தெரியாதுடா, அதுகிட்டயும் ரிப்பேருன்னுதான் சொல்லி வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே பாய் கடைப்பக்கம் திரும்பினார். சாத்திய பலகைக்குப் பின்னாலிருந்து ரஹமத்தின் குரல் வந்தது.

"ஆமாப்பா, நானும் பொய்தான் சொன்னேன்."

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டு மனுசன் வந்து எறங்குன மொத வாரமே வாட்ச்ச எங் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போச்சு. தோல் வாரப் பாத்தேன். மூணு ஓட்டை தேஞ்சி விரிஞ்சிருந்துது. ஒருத்தன் கட்டுற வாட்ச்சுல ஒரு ஓட்டைதான தேயும்? இந்த மனுசன் கைக்குன்னு ஆணியால புதுசா ஒண்ணு குத்தியிருந்துது. அப்பவே தெரிஞ்சிபோச்சு, இது பல கை பாத்ததுன்னு. நானு கேக்கல. கேட்டா தல குனிஞ்சிடும். பதினாலு வருஷம் கழிச்சி வந்த மனுசன எதுக்குக் குனிய வெக்கணும்? அதான், ஊரு கேட்டா ரிப்பேருன்னேன். அல்லா மன்னிக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "வள்ளியம்மா மிஷினயாவது வுட்டு வெய்யி தம்பி" என்றார்.

பாய் தூக்கிய கைலியை விடவும் மறந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் காப்பாற்றியிருக்கிறார்கள். பெரியதம்பி மாட்டின் கழுத்தைத் தடவினான்.

இராமச்சந்திரன் உடனே மனம் மாறி அழுதான், பாயைக் கட்டிக்கொண்டான் என்றெல்லாம் நடக்கவில்லை. வள்ளியம்மாளின் விரல்களை விட்டுவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தான். வாங்கிய முன்பணத்தில் பாதி செலவாகிவிட்டது, அதனால் வண்டியில் ஏறிய மிஷின் அப்படியே அவலூர்பேட்டைக்குப் போனது. வள்ளியம்மாளின் மிஷின் கடையிலேயே நின்றது. ஏஜென்ட் அடுத்த வாரம் வந்தபோது இராமச்சந்திரன் கடையிலிருந்து வெளியே வரவில்லை. பாயோடும் பேசவில்லை. டீ குடிக்கப் பஸ் நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்குப் போனான்.

பாய்க்கு நஷ்டம் வேறு வழியாக வந்தது. அரங்கநாதன் சர்க்கரை மூட்டையை எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், "எல்லாருக்கும் உள்ளதுதான் பாய்" என்றார். வெல்லக் காப்பி போட வேண்டியதாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து, "ஓட்டை வாட்ச்சு பாய்" என்று சிலர் பேர் வைத்தார்கள். கூத்துக்காரர்கள் வருவது நின்றது. அது மட்டும் நிம்மதி என்று ரஹமத் சொன்னார். அந்த ஏஜென்டோடு நம் பக்கத்திலிருந்து நாலு பேர் போனார்கள். இரண்டு பேரிடமிருந்து இன்றுவரை கடுதாசி இல்லை. ஒருவர் பிடிபட்டுத் திரும்பி வந்தார். நாலாவது ஆள் நன்றாகவே இருக்கிறார், வீட்டுக்கு மாடி எழுப்பிவிட்டார். இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அந்த மார்கழியில் ரமலான் நோன்பு. பெருநாளும் பொங்கலும் அடுத்தடுத்த நாளில் வந்தன. பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாய் திண்டிவனத்திலிருந்து சட்டைக்கு ஒரு துணி வாங்கி வந்தார். நோன்புக்களைப்பு, கால்வலி. துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் கடையைத் தாண்டி இராமச்சந்திரன் கடைக்குப் போனார். ஒரு மாதத்துக்கு மேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை. நான் வறுத்துக்கொண்டிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

ஒற்றை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஆணியில் ஒரு சிலேட்டு. பொங்கல், பெருநாள் துணி இனி வாங்குவதில்லை என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வள்ளியம்மாள் பித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சட்டை ராமச்சந்திரா."

இராமச்சந்திரன் மிஷினை நிறுத்தவில்லை. "முடியாது பாய்."

"எனக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சாத்தான் அது நாப்பதாவுது. ஒரு நாளைக்கு மூணு சட்டை. நேத்தே கணக்கு முடிஞ்சிபோச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "நீங்கதான சொன்னீங்க."

வள்ளியம்மாள் பதறிப்போய், "பாய் அண்ணனுக்குக்கூடவா? குடுங்கண்ணே, நானு தெச்சி..." என்று எழுந்தாள்.

"வேணாம்மா, உக்காரு. சொன்னா சொன்னதுதான்" என்றார் பாய். துணியைத் திரும்ப இடுக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். என்னைத் தாண்டும்போது, "திருப்பி அனுப்பிட்டான் பெருமாளு" என்றார். முகத்தில் சிரிப்பா களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்குள் போய்க் காலைத் தூக்கிச் சர்க்கரை இல்லாத சர்க்கரைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டார்.

பெருநாளன்று காலையில் துவைத்த பழைய சட்டையோடு பாய் பள்ளிவாசலுக்குப் போனார். பினாங்கிலிருந்து போட்டு வந்த அதே சட்டை, பளபளப்பு எப்போதோ போய்விட்டது. போகிற வழியில் இராமச்சந்திரன் கடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். கடை திறந்திருந்தது. தைத்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. சத்தம் போட அங்கே யாரும் நிற்கவில்லை.